பிக்கப் வண்டியின் கியர் ஓசை: காரணமும் பரிகாரமும்

திருமயத்திலிருந்து வடக்கே புதுக்கோட்டைக்கும் தெற்கே காரைக்குடிக்கும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரந்தான். 1687-இல் சேதுபதி மன்னர் எழுப்பிய கோட்டையின் அடிவாரத்தில் செல்லும் இந்தச் சாலையில், நெல்லும் கடலையும் காய்கறியும் ஒரு திசையாகவும், நூற்கட்டும் துணிமூட்டையும் மற்றொரு திசையாகவும் நாள்தோறும் சென்ற வண்ணமாக இருக்கின்றன. முன்னாளில் இச்சரக்குகளை மாட்டுவண்டி சுமந்தது. பின்னர் லாரி சுமந்தது. 2005-இல் மக்கள் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டு அழைக்கும் டாட்டா ஏஸும், 2011-இல் ஓசூரில் செய்யப்பெறும் அசோக் லேலண்ட் தோஸ்தும் வெளிவந்த பின்னர், அவற்றோடு மகிந்திரா பிக்கப்பும் சேர்ந்துகொள்ள, சிறு விவசாயியும் நெசவாளர் குழுவும் சொந்தமாக ஒரு சரக்கு வண்டி வைத்துக்கொள்வது கைகூடக்கூடிய காரியமாயிற்று.

வண்டி கைக்கு வந்ததோடு கவலையும் கூடவே வந்தது. கடனில் வாங்கிய வண்டிக்கு மாதந்தோறும் தவணை கட்டியாக வேண்டும். அறுவடைக் காலத்தில் பத்து நாள் வண்டி பட்டறையில் நின்றால் அந்த மாதத் தவணைக்கே வழி இராது. அத்தகைய வேளையில், “கியர் பாக்ஸ் போய்விட்டது, முழுவதும் இறக்கிப் பிரிக்க வேண்டும்” என்ற ஒரு சொல்லைக் கேட்டால் உரிமையாளர் கலங்கிப்போகிறார். வண்டியின் அடியிலிருந்து வரும் ஓசை எல்லாம் கியர்ப் பெட்டியின் ஓசை அன்று என்பதையும், இன்ன ஓசை இன்ன இடத்தில் பிறக்கிறது என்பதை உரிமையாளரே பெரும்பாலும் கண்டுகொள்ளலாம் என்பதையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாமே கியர்ப் பெட்டியைப் பிரிக்கப் போவதில்லை. பிரிக்க வேண்டுமா, வேண்டாமா என்று அறிந்துகொண்டு பட்டறைக்குச் செல்வதற்கே இவ்வளவும்.

தறியின் முன் அமர்ந்த நெசவாளிக்கு இது புதிய வித்தையன்று. நாடா ஓடும் ஓசையையும் பலகை அடிக்கும் ஓசையையும் கொண்டே கோளாறு எப்பக்கம் என்று அவர் கண்ணால் பாராமலே சொல்லிவிடுவார். வண்டியிலும் அவ்வாறே செவியைப் பழக்கிக்கொள்ளலாம். அதற்கு முதலாவதாக, உள்ளே எது எப்பொழுது சுழல்கிறது, எது எப்பொழுது நிற்கிறது என்று தெரிந்திருத்தல் அவசியம்.

சக்தி செல்லும் வழி

என்ஜினின் சுழற்சி முதலில் கிளட்சுக்கு வருகிறது. கிளட்சு மிதியை அழுத்தாதபோது என்ஜினும் கியர்ப் பெட்டியும் பிணைந்திருக்கும், அழுத்தினால் பிரியும். கியர்ப் பெட்டிக்குள் மூன்று தண்டுகள் உண்டு. கிளட்சிலிருந்து உள்ளே நுழைவது முதல் தண்டு. அதற்குக் கீழே, அதனோடு எப்பொழுதும் பல் பொருந்திச் சுழலுவது துணைத்தண்டு. முதல் தண்டின் நேர்க்கோட்டிலேயே பின்புறமாக நீண்டு வெளியே செல்வது பிரதான தண்டு. துணைத்தண்டிலுள்ள பல்சக்கரங்கள் பிரதான தண்டின் மேலுள்ள பல்சக்கரங்களை ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் நாம் கியர் போடும் வரையில் அச்சக்கரங்கள் பிரதான தண்டின் மேல் வெறுமனே வழுக்கிச் சுழலுமேயன்றித் தண்டைச் சுழற்ற மாட்டா. கியர் கம்பியை நகர்த்தும்போது அவற்றுள் ஒன்று தண்டோடு பூட்டப்படுகிறது. பூட்டுவதற்கு முன் இரண்டின் வேகத்தையும் சமப்படுத்தித் தருவது ‘சிங்க்ரோ’ என்னும் பித்தளை வளையம். 1928-இல் அமெரிக்கக் கெடிலாக் கார்களில் முதன்முதல் வந்த இவ்வமைப்பு இல்லாதிருந்த காலத்தில், லாரி ஓட்டுநர்கள் ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இருமுறை மிதித்து வேகத்தைச் சமன் செய்ய வேண்டியிருந்தது.

பெட்டியை விட்டு வெளிவந்த சக்தியை நீண்ட சுழல்தண்டு, அதாவது புரொப்பெல்லர் ஷாப்ட், பின்னச்சுக்குக் கொண்டு செல்கிறது. பின்னச்சு வில்பட்டையின் மேல் ஏறி இறங்குவதால், சுழல்தண்டு வளைந்து கொடுக்கும்பொருட்டு அதன் முனைகளில் ‘கிராஸ்’ எனப்படும் சிலுவை வடிவான இணைப்புகள் உள்ளன. தண்டு இரண்டு துண்டாக இருக்கும் வண்டிகளில் நடுவே ரப்பரில் பதித்த ஒரு பேரிங்கும் உண்டு. பின்னச்சின் நடுவிலுள்ள குண்டான பெட்டியில் பினியன் என்னும் சிறு பல்சக்கரம் கிரவுன் என்னும் பெரும் பல்சக்கரத்தைச் சுழற்ற, அங்கிருந்து இரு பக்கத்துச் சக்கரங்களுக்கும் சக்தி பிரிந்து போகிறது.

பின்னோக்கிச் செல்லும் ரிவர்ஸ் கியர் பல வண்டிகளில் நேர்ப்பல் உடையது. மற்றவை சாய்ந்த பல் உடையவை. சாய்ந்த பற்கள் மெல்ல மெல்ல ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதால் ஓசை குறைவு. நேர்ப்பற்கள் முழு அகலமும் ஒரே கணத்தில் மோதுவதால் இரைச்சல் இயற்கையாகவே மிகுதி. ரிவர்ஸில் மட்டும் வண்டி ‘உய்’ என்று கத்துகிறதென்று கவலையுற வேண்டுவதில்லை.

நிற்கும் வண்டியில்

சமதரையில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து என்ஜினை ஓட விடுக. கிளட்சு மிதியின் மேல் கால் இருத்தல் கூடாது. இந்நிலையில் முதல் தண்டும் துணைத்தண்டும் சுழல்கின்றன. பிரதான தண்டு அசைவற்று நிற்கிறது. இப்பொழுது ஓர் உறுமல் கேட்குமாயின், கிளட்சை முழுவதும் அழுத்திச் சில விநாடிகள் பொறுத்துப் பாருங்கள். அழுத்தியதும் அவ்விரு தண்டுகளும் நின்றுவிடும். அவற்றோடு உறுமலும் நின்றால், குறை முதல் தண்டின் பேரிங்கிலோ துணைத்தண்டின் பேரிங்கிலோ இருக்கிறது என்று கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறாக, மிதியைத் தொட்ட மாத்திரத்தில் ஒரு கிறீச்சோ சரசரப்போ தோன்றி, காலை எடுத்தால் மறையுமானால், அது கிளட்சை விலக்கித் தரும் ரிலீஸ் பேரிங்கின் முறையீடு. இதற்காகக் கியர்ப் பெட்டியை வண்டியிலிருந்து இறக்க வேண்டியிருப்பினும், பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. இவ்வேறுபாட்டைப் பில் தொகையில் காணலாம். மிதியை லேசாகத் தொடும்போது இல்லாமல் அடிவரை அழுத்தும்போது மட்டும் ஓசை எழுமாயின், முதல் தண்டின் முனையைத் தாங்கும் சிறு பேரிங்கையும் சந்தேகிக்கலாம். என்ஜின் சுழன்று தண்டு நிற்கும் அந்நிலையில்தான் அதற்கு வேலை.

டீசல் வண்டி வைத்திருப்போரை அனாவசியமாகப் பயமுறுத்தும் ஓசை ஒன்றும் உண்டு. என்ஜின் மெதுவாக ஓடும்போது, தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு கலகலப்பு. டீசல் என்ஜின் ஒரே சீராகச் சுழலுவதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு தள்ளு, ஒரு தளர்வு. பாரமின்றித் தளர்ந்து சுழலும் பற்கள் அத்தள்ளுக்கெல்லாம் ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. ஆக்சிலேட்டரைச் சற்றே மிதித்ததும் கலகலப்பு மறைந்தால் பெரிதும் தீங்கில்லை. வேகம் ஏற ஏற ஓசையும் ஏறினால் அது பேரிங்கு. கலகலப்பு முன்பு இல்லாமல் புதிதாகத் தோன்றியிருப்பின், கிளட்சுத் தட்டின் நடுவிலுள்ள சிறு வில்சுருள்கள் உடைந்தோ தளர்ந்தோ போயிருக்கலாம்.

கியர் போடும்போது மட்டும் ‘கரக்’ என்று பல் கடிக்கும் ஓசை வேறு வகையைச் சார்ந்தது. இதில் கிளட்சுக்கும் சிங்க்ரோவுக்கும் நடுவே குழப்பம் நேர்வதுண்டு. தீர்க்க ஒரு வழி: நிற்கும் வண்டியில் கிளட்சை முழுவதும் அழுத்தி, நான்கைந்து விநாடி கழித்து, ரிவர்ஸ் கியரை மெதுவாகப் போடுக. இத்தனை நேரத்தில் உள்ளேயுள்ள தண்டுகள் நின்றிருக்க வேண்டும். அப்பொழுதும் பல் கடித்தால், கிளட்சு முழுவதும் பிரியவில்லை என்பது திண்ணம். மிதியின் ஏற்பாட்டைச் சரி செய்வதும், எண்ணெய் விசையால் இயங்கும் கிளட்சாயின் அதன் எண்ணெய் மட்டத்தையும் ஒழுக்கையும் கவனிப்பதுமே போதியதாகலாம். ரிவர்ஸ் ஓசையின்றி விழுந்து, ஓடும்போது இரண்டாவதோ மூன்றாவதோ ஒரு கியர் மட்டும் கடித்தால், அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்தது என்று அறிக.

ஓடும் வண்டியில்

இச்சோதனையை ஆளரவமற்ற நேர்ச்சாலையில், ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஒருவர் ஓட்ட மற்றொருவர் செவி கொடுத்துச் செய்தல் நலம். முதல் கியரிலிருந்து மேல் கியர் வரை ஒவ்வொன்றிலும் சற்று நேரம் ஓட்டி, ஆக்சிலேட்டரை மிதித்து இழுக்கும்போது எப்படி, காலை எடுத்து ஓட விடும்போது எப்படி என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு கியரில் மட்டும் ஓசை என்றால் அந்தக் கியரின் பல்லிலேயே குறை. ஐந்து கியர் உடைய பெட்டிகள் பலவற்றில் நான்காவது கியர் நேர்கியராகும். அதாவது அதில் முதல் தண்டும் பிரதான தண்டும் நேராகவே பூட்டிக்கொள்வதால், சக்தி துணைத்தண்டின் வழியே செல்வதில்லை. ஆகவே மற்றக் கியர்களில் எல்லாம் உறுமி, நான்காவதில் மட்டும் வண்டி அடங்கிப் போகுமாயின், துணைத்தண்டின் பேரிங்குகளே குற்றவாளி என்று பெரும்பாலும் துணிந்து கூறலாம். இந்த ஒரு குறிப்பைப் பட்டறையில் சொன்னால் அனுபவமுள்ள மெக்கானிக் உங்களை மதிப்போடு நோக்குவார்.

எல்லாக் கியரிலும் ஒரே மாதிரியான ஓசை, வண்டியின் வேகத்துக்கேற்ப ஏறி இறங்குகிறதென்றால், முக்கியமான அடுத்த சோதனைக்கு வருவோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது கிளட்சை அழுத்திக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, என்ஜினை அணைக்காமலே வண்டியைத் தானாக ஓட விடுக. சமதரையில், சில விநாடிகள் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். இறக்கத்தில் செய்தல் ஆகாது. என்ஜினை அணைத்தால் பிரேக்குக்கு உதவும் விசையும் இல்லாது போகுமாதலால் அதையும் செய்யலாகாது. நியூட்ரலிலும் அதே ஓசை தொடர்ந்து, வேகம் குறையக் குறையத் தாழ்ந்து வந்தால், குறை கியர்ப் பெட்டியின் பல்லில் அன்று. பிரதான தண்டின் பின்பேரிங்கு, சுழல்தண்டு, பின்னச்சு, சக்கரத்துப் பேரிங்கு, டயர் ஆகியவற்றிலேயே அதைத் தேட வேண்டும்.

ஓர் உதாரணம் கொள்வோம். கடலை மூட்டை ஏற்றி அரிமளம் பக்கத்திலிருந்து வரும் வண்டி ஒன்று 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஊளையிடத் தொடங்குகிறது. காலியாகத் திரும்பும்போது ஊளை குறைகிறது. பாரத்தோடு ஏறுவதால் இது கியர்ப் பெட்டி என்று யாரும் எண்ணுவது இயல்பு. பெட்டியை இறக்கி அதன் பேரிங்கு அத்தனையும் மாற்றிவிட்டு, அதே ஊளையோடு வண்டியைத் திரும்பப் பெறும் பரிதாபமும் நேரக்கூடும். மேலே கூறியபடி நியூட்ரலில் ஓட விட்டால் ஊளை நிற்கவில்லை, பெட்டி விலகிற்று. இனிப் பாரமின்றி, காலியான சாலையில், வண்டியை மெதுவாக வலப்புறமும் இடப்புறமும் சாய்த்து ஓட்டிப் பார்க்கிறோம். வலப்புறம் திரும்பும்போது வண்டியின் பளு இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். அப்பொழுது ஓசை ஏறி, இடப்புறம் திரும்பும்போது அடங்கினால், இடப்பக்கச் சக்கரத்துப் பேரிங்கையே ஐயுறல் வேண்டும். சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, வண்டி நகராதபடி கட்டையும் தாங்குகாலும் கொடுத்து, கையால் சுற்றிப் பார்த்தால் உள்ளே கரகரப்பு கைக்கே தெரியும்; சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டமும் தெரியும். கியர்ப் பெட்டி வேலைக்கு ஆகும் தொகையில் சிறு பங்கே ஒரு பேரிங்குக்கு ஆகும்.

செலவு குறைவென்பதால் அதை அலட்சியமாக எண்ணிவிட வேண்டாம். ஊளையிடும் பேரிங்கோடு ஓட்டினால் அது சூடேறி இறுகிப்போகும். சிலவகைப் பின்னச்சுகளில் சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பேரிங்குதான். அது சிதைந்தால் சக்கரம் தண்டோடு வெளியே வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் நடந்து செல்லும் சாலையில் அப்படி ஒரு சக்கரம் கழன்று உருளுமாயின் விளைவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

டயரின் இரைச்சல் பேரிங்கின் ஊளையைப் போன்றே இருக்கும். ஆனால் தார்ச்சாலையிலிருந்து சிமெண்டுச் சாலைக்கோ செம்மண் பாதைக்கோ மாறியவுடன் டயரின் ஓசை மாறிவிடும். பேரிங்கின் ஓசை மாறாது.

இழுக்கும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்ததும் நின்றால், அல்லது இதற்கு மறுதலையாக இருந்தால், பின்னச்சின் கிரவுன், பினியன் பற்கள் சரியான இடத்தில் பொருந்தவில்லை என்று பொருள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் இது தோன்றி மறைவதும் உண்டு. வண்டியை எடுக்கும்போதும், மிதித்து விடும்போதும் ‘டக்’ என்று ஒரு தட்டல் கேட்டால், கிராஸ்களைப் பாருங்கள். வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்து, சுழல்தண்டை இரு கையாலும் பிடித்து முறுக்கியும் மேலும் கீழும் ஆட்டியும் பார்த்தால், நல்ல கிராஸில் ஆட்டமே இராது. புறப்படும் மெதுவான வேகத்தில் குருவி கத்துவதுபோல் ‘கீச், கீச்’ என்று கேட்பின், கிராஸின் ஊசிப்பேரிங்கு காய்ந்துவிட்டது. மாட்டுவண்டியின் அச்சுக்கு மை இடாமல் ஓட்டியவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானதே. கிரீஸ் முனை உள்ள கிராஸாயின் கிரீஸ் அடித்துப் பார்க்கலாம். ஆட்டம் விழுந்த கிராஸுக்குக் கிரீஸ் மருந்தாகாது. முன் கிராஸ் அறுந்தால் சுழல்தண்டின் முனை தரையில் விழுந்து குத்தி, ஓடும் வண்டியையே தூக்கிவிடக்கூடும்.

பட்டறைக்குப் போகுமுன் வண்டியின் அடியில் ஒருமுறை படுத்துப் பார்ப்பது நல்லது. கியர்ப் பெட்டியைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தால் தட்டல் கேட்கும்; கியர் கம்பியும் ஆடும். வில்பட்டையைப் பின்னச்சோடு கட்டும் யூ வடிவப் போல்ட்டு தளர்ந்தாலும் தட்டல்தான். புகைக்குழாய் சட்டத்தில் இடித்துக்கொண்டு எழுப்பும் அதிர்வைக் கியர் ஓசை என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. இவையெல்லாம் ஸ்பானரால் தீரும் குறைகள்.

எண்ணெயைப் பற்றி

ஓசைகளிற் பல எண்ணெய்க் குறைவிலேயே பிறக்கின்றன. என்ஜினுக்கு எண்ணெய் மாற்றத் தவறாதவர்கள்கூடக் கியர்ப் பெட்டிக்கும் பின்னச்சுக்கும் எண்ணெய் உண்டென்பதையே மறந்துவிடுகிறார்கள். அளவுக்கம்பி பெரும்பாலும் இல்லாததே இதற்குக் காரணமென்று தோன்றுகிறது. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு திருகு மூடி இருக்கும். சமதரையில் வண்டியை நிறுத்தி அதைக் கழற்றினால், எண்ணெய் துளையின் கீழ் விளிம்பு வரை நிற்க வேண்டும். பொதுவான விதி இது. எண்ணெயை வடிக்க எண்ணுவோர் ஊற்றும் மூடியை முதலில் திறந்து பார்த்த பின்னரே கீழ் மூடியைத் திறத்தல் வேண்டும். எண்ணெயை வடித்துவிட்டு மேல் மூடி துருவேறிச் சிக்கிக்கொண்டால், வண்டி அவ்விடத்திலேயே நிற்க நேரிடும்.

வடித்த எண்ணெய் பல செய்திகளைச் சொல்லும். வடிமூடியின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மெல்லியதாக ஒட்டியிருத்தல் இயற்கையான தேய்மானம். ஊசித் துண்டுபோலவும் செதில்போலவும் இரும்பு கிடைத்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. பொன்னிறத் துகள் மின்னினால் சிங்க்ரோ வளையம் கரைகிறது. எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

இக்கடைசிக் குறை நம் பக்கத்தில் கருதத்தக்கது. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்போது, தரைப்பாலங்களில் முழங்காலளவு நீரில் வண்டியை இறக்குவதைக் காண்கிறோம். ஓடிச் சூடேறிய பின்னச்சு குளிர்ந்த நீரில் முழுகினால், உள்ளேயுள்ள காற்று திடீரெனச் சுருங்குகிறது. மூச்சுத்துளை வழியாகவோ சீலின் ஓரமாகவோ அது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த மூச்சுத்துளை செம்மண்ணால் அடைபட்டிருப்பின் வேறொரு தொல்லை. சூட்டில் விரிந்த காற்று வெளியேற வழியின்றிச் சீலைத் தள்ளி எண்ணெயைக் கசிய விடும். புதுச் சீல் போட்டும் கசிவு நிற்கவில்லை என்று குறை கூறுவோர், மூச்சுத்துளையைச் சுத்தம் செய்து பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நீரில் இறங்கிய வண்டியின் இரு எண்ணெய்களையும் அந்த வாரத்திலேயே திறந்து பார்த்துவிடுங்கள்; மோர் நிறம் கண்டால் உடனே மாற்றுவது அவசியம்.

எந்த எண்ணெய் ஊற்றுவது என்பதில் நடைபெறும் தவறு வேறு. பின்னச்சின் பினியன், கிரவுன் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே அமைந்து சுழலும் ‘ஹைபாய்ட்’ அமைப்பு, 1926-இல் பாக்கார்டு கார்களில் புகுந்து பின்னர் எங்கும் பரவியது. அதில் பற்கள் உருளுவதோடு பெரும் அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கவும் செய்கின்றன. அதனைத் தாங்கக் கந்தகமும் பாஸ்பரமும் கூட்டிய ஜி.எல்.5 வகை எண்ணெய் வேண்டும். கியர்ப் பெட்டிக்குப் பெரும்பாலான உற்பத்தியாளர்கள் கூறுவது ஜி.எல்.4. ஜி.எல்.5 எண்ணெய்கள் சில, சிங்க்ரோவின் பித்தளையைச் சூட்டில் அரிக்கக்கூடியவை. அன்றியும் அவற்றின் மிகுந்த வழுக்கலால், உராய்ந்து வேகத்தைச் சமப்படுத்த வேண்டிய வளையம் தன் வேலையைச் செய்ய மாட்டாமல் போகலாம். ‘எல்லாம் கியர் ஆயில்தானே’ என்று ஒரே டப்பாவிலிருந்து இரண்டுக்கும் ஊற்றுவது ஆகாது. வண்டியோடு வந்த கைப்புத்தகத்தில் எவ்வகை, எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். சிறு வண்டிகளின் பெட்டிக்கு ஓரிரு லிட்டரே தேவைப்படுவதால், இதில் சிக்கனம் செய்து மீதமாகும் தொகை அற்பமே.

ஓசையை அடக்கத் தடித்த எண்ணெயை ஊற்றுவதும் சிலரது வழக்கம். ஓசை அடங்குவது மெய்; பேரிங்கு குணமாவதில்லை. பழைய வண்டி விற்பவர்கள் இவ்வுபாயத்தைக் கையாளக்கூடும். கிரீஸைக் கலப்பதும் உண்டு. மேனாட்டில் மரத்தூளைப் போட்டுக்கூட விற்றிருக்கிறார்கள். ஆகையால் பழைய வண்டி வாங்கப்போகும் அங்கத்தினர், எண்ணெய் நன்கு சூடேறி இளகும் வரை, அரை மணி நேரமேனும் ஓட்டிப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுத்தல் வேண்டும். காலையில் குளிர்ந்த வண்டியை வாசலில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டுவதை நம்பலாகாது.

பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுத்துச் செல்லும்போதும் எண்ணெயை நினைவிற் கொள்ள வேண்டும். பெட்டிக்குள் எண்ணெயை மேலே வாரி இறைப்பது துணைத்தண்டே. என்ஜின் ஓடாமல், நியூட்ரலில், பின்சக்கரம் தரையில் உருள இழுத்தால், துணைத்தண்டு நிற்க, பிரதான தண்டு மட்டும் எண்ணெயின்றிச் சுழன்று தேயும். அருகிலுள்ள பட்டறைக்கு மெல்ல இழுத்துப் போவதில் பெருங்கேடு இல்லை. திருச்சி வரை இழுப்பதானால் சுழல்தண்டைக் கழற்றிவிட்டோ, பின்சக்கரங்களைத் தூக்கியோ இழுக்க வேண்டும்.

பட்டறையில்

ஓசை எந்த வேகத்தில், எந்தக் கியரில், பாரத்தோடா காலியாகவா, இழுக்கும்போதா விடும்போதா, கிளட்சை மிதித்தால் நிற்கிறதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ‘ஏதோ சத்தம் வருகிறது’ என்று மட்டும் கூறினால், மெக்கானிக் எவ்வளவு நல்லவராயினும் ஊகத்தின் பேரில்தான் வேலையைத் தொடங்குவார். பலர் கூடி ஒரே வண்டியை வைத்திருக்கும் குழுக்களில் ஓட்டுநர் அடிக்கடி மாறுவதால், ஓட்டக் கணக்குப் புத்தகத்தில் ஓசைக்கென ஒரு பத்தி ஒதுக்கி, கேட்டவர் கேட்ட அன்றே எழுதி வைத்தால் இவ்விவரம் கைவசம் இருக்கும்.

சுழல்தண்டைக் கழற்றுமுன் அதன் இரு பகுதிகளும் சேருமிடத்தில் அடையாளக் கோடு இடச் சொல்லுங்கள். வளைந்த கோணத்தில் சுழலும் கிராஸ் ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை வேகம் கூடிக் குறையும். ஒரு முனையின் ஏற்ற இறக்கத்தை மறுமுனை ஈடு செய்யும்படி இரண்டும் ஒரே நிலையில் அமைக்கப்பட்டிருக்கின்றன. திரும்பப் பூட்டும்போது ஒரு பல் தள்ளிச் சேர்த்துவிட்டால், முன்பு இல்லாத அதிர்வு புதிதாகப் பிறக்கும். ஒரு கோட்டினால் தவிர்க்கக்கூடிய துன்பம் இது.

கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்து இணை சேர்க்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் செலவு. இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். அவற்றின் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஓரிரு பங்கு என்ற அளவினது; அதைக் கருவி கொண்டு அளந்து, பல்லில் வர்ணம் பூசிச் சுழற்றி, பதியும் அடையாளத்தைப் பார்த்தே பொருத்துவது முறை. இந்த அளவுக்கருவி இல்லாத பட்டறையில் பின்னச்சு வேலையைக் கொடுக்காதிருப்பதே நல்லது. கியர்ப் பெட்டியைப் பிரிக்க நேர்ந்தால், ஒரு பேரிங்கு கெட்டதற்காக அத்தனையும் மாற்ற வேண்டுமா என்ற கேள்வி எழும். உடைந்த பேரிங்கின் இரும்புத் துகள் எண்ணெயோடு கலந்து மற்றப் பேரிங்குகளிலும் புகுந்திருக்குமாதலால், பெட்டி திறந்திருக்கும்போதே தேய்ந்தவற்றை மாற்றிவிடுவது சிக்கனமே என்பது என் கருத்து. பெட்டியை இறக்கி ஏற்றும் கூலிதான் அதிகம். அதை இருமுறை கொடுப்பானேன்? ஆனால் கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சுழலும் பாதையில் குழியும் உரிசலும் தெரிந்தால் மாற்றியது நியாயம்.

ஓட்டுநரின் இரு பழக்கங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். கிளட்சு மிதியின் மேல் காலை ஊன்றியே ஓட்டினால் ரிலீஸ் பேரிங்கு ஓய்வின்றிச் சுழன்று தேயும். கியர் கம்பியின் மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்டினால், உள்ளேயுள்ள தள்ளுமுள் சுழலும் வளையத்தில் உராய்ந்து மெலிந்து, நாளடைவில் கியர் தானே நழுவத் தொடங்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது பொட்டலத்தின் மேல் காட்டும் அக்கறையில் சிறிதளவு இதிலும் காட்டினால் போதும்.

வேலை முடிந்து வண்டியைப் பெறும்போது, காலி வண்டியைப் பட்டறைத் தெருவில் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாமல், முன்பு எந்தச் சாலையில், எந்தப் பாரத்தோடு, எந்த வேகத்தில் ஓசை கேட்டதோ அதே நிலையில் ஓட்டிப் பாருங்கள். மெக்கானிக்கையும் கூட ஏற்றிக்கொள்ளலாம். புதிய பேரிங்கோ பல்லோ போட்ட பெட்டியானால், முதல் சில நூறு கிலோமீட்டர் வரை பாரத்தைக் குறைத்து ஓட்டி, பின்பு வடிமூடியை ஒருமுறை திறந்து காந்தத்தைத் துடைத்து, எண்ணெய் மட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.